பட்டில் நெய்த கவிதை

கோபித்துக்கொண்டு போன கணவனைக் கவிதையால் திரும்ப அழைத்தாள் ஒரு பெண். அந்தக் கவிதையை அவள் காகிதத்தில் எழுதவில்லை. பட்டில் நெய்தாள்!

அவள் பெயர் சூ ஹுய். 4-ம் நூற்றாண்டில் வட சீனாவில் வாழ்ந்தவள். அவளுடைய கதையைப் பழைய சீன முன்னுரை ஒன்று சொல்கிறது. அதை எழுதியவர் பேரரசி வூ என்பார்கள்.

சூ ஹுய்க்கு 16 வயதில் திருமணம் நடந்தது. கணவன் தௌ தாவ், ஃபூ ஜியான் என்ற மன்னனிடம் அதிகாரி.

சக்களத்திச் சண்டை

தௌ தாவ் ஓர் ஆடல் அழகியை ரகசியமாக வேறு வீட்டில் வைத்திருந்தான். சூ ஹுய் அதைக் கண்டுபிடித்தாள். கோபம் பொங்கியது. அவளை அடித்து அவமானப்படுத்தினாள்.

தௌ தாவ் மனம் கசந்தான். சியாங்யாங் நகருக்கு வேலை மாற்றலாகிப் போனபோது ஆடல் அழகியை அழைத்துச் சென்றான். அவளுடன் சேர்ந்து வர சூ ஹுய் மறுத்துவிட்டாள். அதன்பின் கணவனிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

தனிமையில் சூ ஹுய் வருந்தினாள். தறியில் உட்கார்ந்தாள்.

எழுத்துக்களின் விளையாட்டு

சுமார் ஒரு சாண் அகலப் பட்டில், பல வண்ண நூலால் 840 எழுத்துக்களை நெய்தாள். பழைய சீன மொழியில் பெரும்பாலும் ஓர் எழுத்தே ஒரு சொல். சொற்களுக்கு விகுதியும் கிடையாது. அதனால் வரிசையைத் திருப்பினாலும் பொருள் வரும்படி எழுத முடியும்.

அந்தப் பட்டில் மேலிருந்து கீழே படிக்கலாம், கீழிருந்து மேலே படிக்கலாம், குறுக்கே படிக்கலாம், சுற்றிச் சுற்றியும் படிக்கலாம். ஒவ்வொரு வழியிலும் ஒரு கவிதை! எல்லாம் பிரிவுத் துயரைப் பாடுபவை.

பட்டைப் பார்த்ததும் தௌ தாவ் மனம் இளகினான். ஆடல் அழகியைத் திருப்பி அனுப்பினான். வண்டி அனுப்பி மனைவியை அழைத்துக்கொண்டான்.

648-ம் ஆண்டில் முடிந்த "ஜின் வரலாறு" என்ற நூலில் சக்களத்தி இல்லை. கணவன் தொலைதூரப் பாலைவனத்துக்கு அனுப்பப்பட்டான். பிரிவு தாங்காமல் மனைவி பட்டு நெய்தாள் என்று மட்டும் அது கூறுகிறது.

நடுவில் இதயம்

சூ ஹுய் நெய்த பட்டு இன்று இல்லை. எழுத்துக்கள் மட்டும் ஏட்டில் நிலைத்தன. 29 வரிசை, வரிசைக்கு 29 எழுத்து. பிற்காலப் புலவர்கள் அதற்குள் 7,958 கவிதைகளைக் கண்டதாகக் கணக்குச் சொன்னார்கள்.

29-ஐ 29-ஆல் பெருக்கினால் 841 அல்லவா? ஓர் எழுத்து கூடுகிறதே! நட்டநடுவே இருக்கும் அந்த எழுத்தைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள் என்பார்கள். அதன் பொருள்: இதயம்.