பழைய நாட்களைப் பழியாத பண்டிதர்



தருமத்தைத் தழுவிய நம்மவருட் பலர் ஒரு சுமையைத் தனியே சுமந்து திரியக் காண்கிறோம். நாற்பதாண்டுக் காலம் பொய்வழியில் நடந்தோமே, நேர்த்திக்கடனென்று கடன் வாங்கி ஆடு வெட்டினோமே, பிள்ளைகளின் படிப்புக்கு ஆகவேண்டிய பொருளைப் பாழாக்கினோமே என்று தம்மைத் தாமே வைதுகொள்கின்றனர். அயலான் செய்த பிழையை அடுத்த திங்களில் மறக்கும் இவர்கள், தம் பிழையை மட்டும் விளக்கேற்றி வைத்துக் காக்கின்றனர். அவர்கள் பொருட்டே பண்டிதர் க. அயோத்திதாசரின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்கத் துணிந்தோம்.

பண்டிதர் 1845 மே 20-ஆம் நாள் சென்னையிற் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராச பண்டிதரின் பெயரையே, நன்றிக் கடனாகத் தம் பெயராக ஏற்றார். நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் வேதாந்தத்தில் ஈடுபட்டு, 1870-களில் அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிரிலும் ஒரே பிரமம் என்னும் கொள்கை, தீண்டாமையை ஒழிக்கும் என்று நம்பினார் போலும். அந்நாளில் அப்படி நம்பியவர் அவர் ஒருவரல்லர்.

1891-இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். மறு ஆண்டு, 1892-இல், சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்குச் சென்றார். பள்ளிக்கூடமும் நிலமும் கேட்டார். விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் எம்மவர் நுழைய உரிமை வேண்டுமென்றும் கேட்டார். கோயில் என்ற சொல் எழுந்தவுடனே அவை கொந்தளித்தது. அத்தெய்வங்கள் உங்களுக்குரியன அல்ல. உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கறுப்பண்ணனுமே உரியர் என்று ஒருவர் எழுந்து கூறினார். அப்படியாயின் அத்தெய்வங்கள் எமக்கு வேண்டா என்று பண்டிதர் மறுமொழி தந்தார்.

அன்பர்களே, இவ்விடத்திற் சற்று நின்று எண்ணுங்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. நம்பிக் கட்டிய வீடு ஒரே பேச்சில் இடிந்தது. இத்தனை காலம் ஏமாந்தேனே என்று தம்மையே நொந்துகொள்ள அவருக்குக் காரணம் இல்லாமற் போகவில்லை.

இதனை நாம் ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. தங்கத் தாதுக்கல்லை இடித்தரைக்கும் மில்லில் நாம் வேலை செய்தோம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பின், கைக்கு வந்த தொகையிற் பாதியைக் குடியிலும் சீட்டிலும் கரைத்தோம். மனையாள் மன்னித்துவிட்டாள். நாம் நம்மை மன்னிக்கப் பல ஆண்டுகள் ஆயின. அவ்வாண்டுகளில் ஒருவருக்கும் பயன்பட்டோமில்லை. வருத்தம் ஒரு தவம் என்று எண்ணி உட்கார்ந்திருந்தோம். பகவன் அருளிய தருமமோ, செய்ததை எண்ணி எண்ணி மனம் அரிக்கப்படுவதைக் குக்குச்சம் எனப் பெயரிட்டு, மனத்தடைகளாகிய ஐந்து நீவரணங்களுள் வைத்திருக்கிறது. மைத்திரி பாவனையைப் பயிலும் முறையிலும், அன்பு முதலிற் பாய வேண்டியது தன்னிடத்தேதான். பிறகே நண்பனுக்கும் பகைவனுக்கும். இவ்வரிசையைப் பின்னாளிலேயே அறிந்தோம்.

பண்டிதர் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1898-இல், ஐம்பத்து மூன்றாம் வயதில், கர்னல் ஆல்காட் துரையின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பழைய கல்வியை அவர் குப்பையில் எறிந்தாரல்லர். வேதாந்தம் பேசப் பழகிய அதே தமிழைக்கொண்டு புத்த தருமத்தை விளக்கினார். முன்பு கற்ற மருத்துவத்தாலேயே பிணியாளர்க்கு உதவினார். 1907 ஜூன் 19-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். விலையே பெயராயிற்று, ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ என்றாயிற்று. நம் மாரிக்குப்பத்திலும் சங்கத்தின் கிளை எழுந்தது. சுரங்கத் தொழிலாளர் அப்பத்திரிகையைப் படித்தனர், படிக்கத் தெரியாதோர் படிக்கக் கேட்டனர்.

பண்டிதரின் எழுத்திற் காரம் மிகுதி. பொய்வேடங்களை அவர் விட்டுவைத்ததில்லை. ஆயினும் அக்காரம் தம் பழைய நாட்களின்மேல் திரும்பியதை, நாம் படித்த அளவில், எங்கும் கண்டோமில்லை.

பெயரையும் பாருங்கள். அயோத்திக்குத் தாசன் என்று பொருள்படும் பெயர் அது. புத்த தருமத்தைத் தழுவியபின் அதனை மாற்றிக்கொள்ள அவருக்கு என்ன தடை? மாற்றினாரல்லர். கற்பித்த ஆசானின் பெயர், கற்ற நாட்களின் பெயர். அதனோடேயே எழுதினார், அதனோடேயே 1914 மே 5-ஆம் நாள் மறைந்தார். 1926-இல் பண்டிதர் ஜி. அப்பாதுரையார் நம் தங்கவயலில் ‘தமிழ’னை மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்டது. அவற்றின் முகப்பிலும் அப்பெயரே நிற்கிறது.