உழைப்பாளரை ஏட்டில் ஏற்றிய அண்ணாபாவ் சாத்தே

கல்வி பரப்பும் கழகமொன்றின் வெள்ளிவிழா மலரிலே, பள்ளிப் படிப்பே வாய்க்காத ஒருவரின் வரலாற்றை எழுதுவது பொருந்துமா என்று எவரேனும் வினவலாம். பொருந்தும் என்பதே எம் விடை. பள்ளியின் கதவு அடைபட்ட நிலையிலும் எழுத்தைத் தாமே தேடிக் கற்று, அவ்வெழுத்தினால் கூலிக்காரரையும் கல்லுடைப்பவரையும் ஆலைத் தொழிலாளரையும் மராத்தி இலக்கியத்தின் நடுவே அமர்த்தியவர் அண்ணாபாவ் சாத்தே. கற்ற கல்வியை எதற்குப் பயன்படுத்துவது என்னும் வினா நம் இளைஞர் முன் நிற்கிறது. அவ்வினாவிற்கு அவர் வாழ்க்கையே ஒரு விடையாகும்.

பிறப்பும் இளமையும்

1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள், இன்றைய மகாராட்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்திலுள்ள வாட்டேகாவ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை பாவ்ராவ், தாய் வாலுபாய். பெற்றோர் இட்ட பெயர் துக்காராம். அவர் பிறந்தது, மாங் என்றும் மாதங்கர் என்றும் வழங்கப்பெறும் தீண்டப்படாத மக்களிடையே. கயிறு திரிப்பதும், துடைப்பம் கட்டுவதும், ஊர் விழாக்களில் ஹல்கி என்னும் தோற்கருவியை முழக்குவதும் அம்மக்களின் தொழில்கள். அவர்கள் திரித்த கயிறு ஊர்க் கிணற்றில் இறங்கிற்று. அவர்களோ அக்கிணற்றை நெருங்க இயலவில்லை. போதாக்குறைக்கு, 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டமும் பின்னர் அவர்கள்மீது பாய்ந்தது. பிறப்பினாலேயே குற்றவாளி என்னும் முத்திரை அவர்கள் நெற்றியில் குத்தப்பட்டது.

துக்காராம் பள்ளியில் இருந்தது ஒன்றரை நாள்தான் என்று மராத்தி மக்கள் சொல்வதுண்டு. அதன்பின் அவருக்கு ஆசான், வாழ்க்கையே. 1931ஆம் ஆண்டளவில் பஞ்சம் வாட்டவே, அக்குடும்பம் பம்பாயை நோக்கிப் புறப்பட்டது. வண்டிக்குப் பணமேது? முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அத்தொலைவை நடந்தே கடந்தனர். வழியில் கிடைத்த இடத்தில் கூலி வேலை செய்து, கிடைத்ததை உண்டு, திங்கள் பல கழித்து நகரத்தை அடைந்தனர். அப்பொழுது சிறுவனுக்குப் பதினொரு வயதிருக்கும்.

பம்பாயில் அவர் செய்யாத வேலை அரிது. நிலக்கரி பொறுக்கினார், சுமை தூக்கினார், தெருவில் பொருள் விற்றார், பஞ்சாலையில் உழைத்தார். இவற்றினிடையேதான் கடைப் பலகைகளையும் சுவரொட்டிகளையும் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகினார். பிறருக்குப் பாதையோரக் காட்சியாயிருந்தவை அவருக்குப் பாடப்புத்தகங்கள் ஆயின.

செங்கொடிக் கலைக்குழு

ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களும் ஊர்வலங்களும் இளைஞரான அவரைப் பொதுவுடைமை இயக்கத்தின்பால் ஈர்த்தன. 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகிய தோழர்களுடன் சேர்ந்து லால் பாவ்டா கலாபதக் என்னும் செங்கொடிக் கலைக்குழுவை அவர் அமைத்தார். நம் நாட்டுத் தெருக்கூத்தினைப் போன்றது மராத்திய நாட்டின் தமாஷா. அது கீழானவர் ஆட்டம் என்று மேலோரால் இகழப்பட்டு வந்தது. அண்ணாபாவ் அதனை இகழவுமில்லை, அப்படியே ஏற்கவுமில்லை. கூத்தின் தொடக்கத்தில் விநாயகரை வாழ்த்துவது மரபு. அவ்விடத்தில் தாய்மண்ணையும் உழைக்கும் மக்களையும் தியாகிகளையும் வணங்கும் பாடலை வைத்தார். அரசரும் தெய்வங்களும் ஆடிய அரங்கில் கடன்பட்ட உழவனும் கூலி கேட்கும் தொழிலாளியும் வந்து நின்றனர்.

போவாடா எனப்படும் வீரக் கதைப்பாடல் மன்னர்களின் போரைப் பாடுவதற்கென இருந்தது. அவரோ ஸ்டாலின்கிராடு நகரைக் காத்த மக்களின் வீரத்தை அவ்வடிவில் பாடினார். பம்பாயைப் பற்றிய அவரது லாவணியில் ஒருபுறம் மலபார் குன்றின் மாளிகைகளும் மறுபுறம் பரேல் பகுதித் தொழிலாளரின் நெரிசல் வாழ்க்கையும் எதிரெதிரே காட்சி தருகின்றன. ஊரிலே மனைவியை விட்டுவிட்டுப் பிழைப்புக்காகப் பட்டணம் வந்த தொழிலாளியின் பிரிவுத் துயரை அவர் மற்றொரு பாடலில் வடித்தார். மராத்தி பேசும் மக்கள் ஒரே மாநிலமாதல் வேண்டும் என்னும் கிளர்ச்சியின்போது, பிரிந்து கிடந்த நிலப்பகுதிகளுக்கும் அத்துயரே உவமையாயிற்று. 1960 மே 1ஆம் நாள் மகாராட்டிரம் பிறந்ததில் அவரது குரலுக்கும் பங்குண்டு.

கதைகளில் வாழும் உழைப்பாளர்

காட்கோபர் பகுதியிலுள்ள சிராக் நகர்ச் சேரியில் ஒரு சிறு குடிசையில் இருந்துகொண்டு அவர் எழுதிக் குவித்தார். முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களும், சிறுகதைத் தொகுதிகள் பலவும், நாடகங்களும் பாடல்களும் அவர் படைத்தவை. அவற்றுள் மயானத்துப் பொன் பற்றிய சிறுகதை ஒன்று போதும், அவர் ஆற்றலை உணர.

பீமா என்பவன் உடல்வலிமை மிக்க உழைப்பாளி. பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்து, புறநகர்க் கல்குவாரியில் வேலை பெற்று, மனைவி மகளுடன் வாழ்கிறான். திடுமெனக் குவாரி மூடப்படுகிறது. பசியால் வாடியவன் கண்ணில் சுடுகாட்டுச் சாம்பலிடையே ஒரு பொன் துணுக்கு படுகிறது. அன்றிலிருந்து சாம்பலைச் சலிப்பதும், பின்னர்ப் பிணங்களைத் தோண்டுவதும் அவன் பிழைப்பாகிவிடுகின்றன. ஓரிரவு, பொன்னைத் தேடிப் பிணத்தின் வாய்க்குள் விட்ட அவன் விரல்கள் தாடையிடையே சிக்கிக்கொள்கின்றன. உயிர் தப்புகிறது, விரல்கள் இரண்டு போகின்றன. அதே வேளையில் குவாரி மீண்டும் திறந்துவிட்டதென்னும் செய்தி வருகிறது. கல்லுடைக்கும் கை போயிற்றே என்று அம்மலை போன்ற மனிதன் குழந்தையைப்போல் அழுகிறான்.

இக்கதையில் அறிவுரை ஒரு வரியும் இல்லை. உழைக்க விரும்புபவனுக்கு உழைப்பை மறுக்கும் சமுதாயம் அவனை என்ன செய்துவிடும் என்பதைக் காட்டியதோடு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார். ஏழையைப் புனிதனாக்கிக் கும்பிடுவதுமில்லை; இழிந்தவனாக்கி இரங்குவதுமில்லை. அவனை மனிதனாகவே நிறுத்துகிறார்.

1959இல் வெளிவந்த ஃபகீரா என்னும் நாவல் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. பஞ்சத்தில் மடியும் தன் மக்களைக் காக்க ஆங்கில ஆட்சியை எதிர்த்து நின்று, முடிவில் தூக்குமேடை ஏறும் மாங் குல வீரனின் கதை அது. குற்றப் பரம்பரை என்று அரசு பெயரிட்ட மக்களை அந்நாவல் வீரப் பரம்பரை என்று நிலைநாட்டிற்று. அதனை அவர் அண்ணல் அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். 1961இல் அதற்கு மாநில அரசின் பரிசு கிடைத்தது.

1958இல் பம்பாயில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கி வைத்தவர் அவரே. இவ்வுலகம் ஆதிசேடனின் தலைமீது நிற்கவில்லை, ஒடுக்கப்பட்ட உழைப்பாளியின் உள்ளங்கையிலேதான் நிற்கிறது என்னும் கருத்தை அங்கே அவர் முழங்கினார். அவர் எழுதிய அனைத்திற்கும் அதுவே சாரம். மார்க்சியமா, அம்பேத்கரியமா என்று அவரைப் பங்கிட முயல்வோர் உண்டு. இரு பாதைகளிலும் அவர் தேடியது ஒன்றையே: உழைப்பவன் தலைநிமிரும் நாள்.

இறுதி நாட்கள்

1961இல் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்த அவர், அப்பயணத்தை நூலாக எழுதினார். புகழ் கடல் கடந்தது. வறுமை மட்டும் வாயிலைக் கடக்கவில்லை. 1969 சூலை 18ஆம் நாள், நாற்பத்தொன்பது வயதும் நிறையாத நிலையில், எளியவராகவே மறைந்தார். 1985இல் அவர் பெயரால் மகாராட்டிர அரசு வளர்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவிற்று. 2002இல் இந்திய அஞ்சல்துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2022இல் மாஸ்கோ நகரில் அவர் சிலை திறக்கப்பட்டது. வாழ்ந்தபோது வயிறார உணவளிக்காத உலகம் மறைந்தபின் மாலை சூட்டுவது புதிதன்று. நம்மிடையே உள்ள கலைஞர்களையேனும் உயிரோடிருக்கும்போதே போற்றுதல் நம் கடமை.

இளைஞர்களே! நம் முன்னோரிற் பலர் கற்க இயலாமற் போனதற்கு அவர்கள் குற்றவாளிகள் அல்லர். நாம் இன்று கற்றிருக்கிறோம். ஆயினும் பட்டம் பெற்றபின் தந்தையின் தொழிலைச் சொல்ல நா கூசும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. சேற்றில் நாற்று நட்ட தாயும், தோல் பதனிட்ட தந்தையும், பறை முழக்கிய பாட்டனும், தேயிலைத் தோட்டத்திற்கும் கோலார்ச் சுரங்கத்திற்கும் சென்ற உறவினரும் வெட்கத்திற்குரியவர் அல்லர், எழுதப்பட வேண்டியவர். அவர்கள் வாழ்வை அயலார் எழுதினால் அதில் இரக்கம் இருக்கலாம். உண்மை முழுதும் இராது. இன்றிரவே வீட்டு முதியவர் அருகில் அமருங்கள். அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள், பெற்ற கூலியைக் கேளுங்கள், பட்ட அடியையும் பாடிய பாட்டையும் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். ஒன்றரை நாள் பள்ளி கண்டவர் ஓர் இலக்கியத்தையே படைத்தார் என்றால், பல்லாண்டு பள்ளி கண்ட நமக்கு எழுதாதிருக்கக் காரணம் ஏது?