குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியர்

எம்மூராகிய நெரவியின் பக்கத்தே சென்று காரைக்காலிற் கடலொடு கலக்கும் அரசலாறு, கும்பகோணத்தைக் கடந்து வருவதாகும். அந்நகரத்து அரசாங்கக் கல்லூரியில் இருபத்துமூன்று ஆண்டுகள் தமிழாசிரியராய் அமர்ந்தவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். ஏட்டுச்சுவடிகளைத் தேடி அச்சேற்றியவர் என அவரை யாவரும் அறிவர். வகுப்பறையில் நின்ற ஆசிரியராக அவரை நினைப்பார் சிலரே. யான் எழுதப் புகுந்தது அவ்வாசிரியரைப் பற்றி.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், பாபநாசத்தை யடுத்த உத்தமதானபுரத்திற் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். 1871இல் மாயூரத்துக்குச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தார். கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளையும் அங்கே உடன்பயின்றவர். நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிலகாலம் இசை பயின்றதும் மாயூரத்திலேதான். (அந்நூல் அச்சேறுதற்கு உதவியவர் காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி சீசே துரை என்பது எம் பக்கத்தார்க்கு ஒரு பெருமை.) 1876இல் பிள்ளையவர்கள் மறைந்தபின் திருவாவடுதுறை மடத்திலே தங்கிப் பாடஞ் சொல்லி வந்தார்.

1880இல், கும்பகோணம் கல்லூரித் தமிழ்ப்பண்டிதராகிய தியாகராச செட்டியார், உடல் நலிவால் வேலையினின்றும் விலக எண்ணினார். அவரும் பிள்ளையவர்கள் மாணாக்கரே. தம் இடத்துக்கு ஐயரவர்களையே தேர்ந்து, கல்லூரித் தலைவர் கோபாலராவிடம் எடுத்துரைத்து அவ்வேலையை வாங்கிக் கொடுத்தார். ஆங்கிலம் அறியாத இருபத்தைந்து வயதினர், ஆங்கிலக் கல்வியிற் செருக்குற்ற மாணாக்கர்முன் நிற்கவேண்டியவரானார். கல்லூரி ஆசிரியர்க்கு இக்காலத்திற் புத்தொளிப் பயிற்சி வகுப்புக்கள் பல உள்ளன. அக்காலத்து ஐயரவர்களுக்கு வாய்த்த பயிற்சி செட்டியாரின் அறிவுரையும் அன்புமே. செய்யுட்களை இராகத்தோடு படித்துப் பொருள் விரித்த புதிய ஆசிரியரிடம் மாணாக்கர் மனம் விரைவிலே படிந்தது. மாயூரத்து இசைப்பயிற்சி அங்ஙனம் வகுப்பறையிற் பயன்பட்டது.

அவ்வாண்டின் அக்டோபர் மாதத்தில் அவர் வாழ்வு திரும்பிற்று. அவ்வூர்க்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். எந்நூல்களைக் கற்றீர் என்று முதலியார் வினவ, தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் உலாக்களையும் நெடும்பட்டியலாக உரைத்தார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டோ என்பதே அவர் அடுத்த வினா. ஐயரவர்கள் அவற்றைக் கண்டதும் இல்லை. தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் முதலாண்டிலேயே இப்பெயர்களை மனப்பாடஞ் செய்துவிடும் எம்போல்வார்க்கு இதனை நம்புவது அரிது.

அந்நூல்கள் பாடத்திட்டத்தில் இல்லை யென்றோ, தம் ஆசிரியர் அவற்றைச் சொல்லவில்லை யென்றோ அமைதி கூறிக்கொண்டு அவர் வீடு திரும்பியிருக்கலாம். வேலையோ நிலையானது, மாணாக்கரோ அன்புடையார். ஆயின் அவர் முதலியார் கொடுத்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை ஏற்று, மீண்டும் மாணாக்கரானார். நூல் எளிதில் விளங்கவில்லை. சமணர் வழக்குக்கள் அடிதோறும் தடுத்தன. கும்பகோணத்திலே சமணர்கள் இருப்பதறிந்து, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் சென்று ஐயங்களை வினவித் தெளிந்தார். கல்லூரிப் பண்டிதர் ஒருவர், சைவ மடத்திற் பயின்றவர், சமணர் வீட்டிற் போய்ப் பாடங் கேட்பது அந்நாளில் சிறிய செயலன்று.

ஹெச். பவர் என்னும் பாதிரியார் சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகளிலம்பகத்தை 1868இலேயே உரையுடன் வெளியிட்டிருந்தார். அப்பதிப்பையும் ஐயரவர்கள் ஆராய்ந்தார். முழுநூல் நச்சினார்க்கினியர் உரையோடு 1887இல் அவரால் வெளிவந்தது. பின்னர்ப் பத்துப்பாட்டு 1889லும், சிலப்பதிகாரம் 1892லும், புறநானூறு 1894லும் வந்தன. பகலிற் கல்லூரி வகுப்பு. எஞ்சிய பொழுதெல்லாம் சுவடியும் அச்சுத்தாள் திருத்தமும். விடுமுறை நாட்கள் ஊர் ஊராகச் சுவடி தேடுவதிற் கழிந்தன.

மணிமேகலைக்குப் பௌத்த சமய அறிவு வேண்டியிருந்தது. கேட்டறியத் தமிழ்நாட்டிற் பௌத்தர் இலர். உதவினவர் அக்கல்லூரியில் உடனாசிரியராயிருந்த மளூர் ரங்காசாரியார். அவர் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, ஐயரவர்கள் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒரே கல்லூரியில் ஊதியம் பெறும் இருவருள் ஒருவர் மற்றவர்க்கு மாணவராய் இருந்த இக்காட்சியே, அவர் வாழ்க்கையில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. சிந்தாமணி வெளியீட்டினும் இதனையே யான் பெரிதாக எண்ணுகின்றேன். அங்ஙனம் பெற்ற அறிவே 1898இல் வெளிவந்த மணிமேகலைப் பதிப்பில், புத்த சரித்திரமும் பௌத்த தருமமும் பௌத்த சங்கமும் பற்றிய உரைநடைப் பகுதிகளாக அமைந்தது.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று, 1919இல் ஓய்வுபெற்றார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராயிருந்தார். முதுமையில், தம் ஆசிரியர் பிள்ளையவர்களின் சரித்திரத்தை இரு பாகங்களாகவும், தமக்கு வேலை தந்த செட்டியார் வரலாற்றைத் தனிநூலாகவும் எழுதினார். தம் வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதிவருகையில், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்திற் காலமானார். அச்சரிதம் அவர் குடந்தைக் கல்லூரியில் இருந்த காலத்தளவிலே நின்றுவிட்டது.