ரஞ்சியின் கட்டுண்ட கால்

கல்மண்டபத்துச் சந்துகளில் மட்டை பிடிக்கும் மாணவ நண்பர்கள் ரஞ்சித்சிங்ஜியை அறிதல் நலம். கத்தியவாரில் 1872இல் பிறந்து, கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் பயின்றவர். வேகப்பந்து கண்டால் அவரது வலக்கால் பின்வாங்கும். பயிற்சியாளர் அக்காலைத் தரையோடு கட்டிவிட்டார் என்பர். வேறு வழியின்றி இடக்காலைக் குறுக்கே வைத்து, மணிக்கட்டைத் திருப்பி, பந்தைக் காலோரமாகப் பின்புறம் விலக்கினார். 'லெக் கிளான்ஸ்' அவர் பெயரோடு நிலைத்தது.

ஆயினும் பல்கலைக்கழக அணியில் 1893இல்தான் இடம் கிடைத்தது. 1896இல் மான்செஸ்டரில் இங்கிலாந்துக்காக ஆடி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்கள் குவித்தார். 1933இல் மறைந்தார். மறு ஆண்டு அவர் பெயரால் தொடங்கிய கோப்பையின் முதல் ஆட்டம் நம் சேப்பாக்கத்தில் நடந்தது.

குறை கண்டு ஒதுக்காமல், காலசைவைக் கூர்ந்து நோக்கும் ஆசான் வாய்த்தால், நம்மிடையேயும் ரஞ்சிகள் தோன்றுவர்.