அருணாசல மலையை நேசித்த குரு



கள்ளக்குறிச்சிப் பகுதியில் வாழும் நமக்கு மலை என்றால் கல்வராயன்தான். ஆனால் திருக்கோவிலூர்ப் பக்கம் போகும்போது, வானம் தெளிவாக இருந்தால், வடக்கே இன்னொரு மலை தனித்து நிற்பதைக் காண்கிறோம். அது திருவண்ணாமலை. ஏறக்குறைய 800 மீட்டர் உயரமுள்ள அந்த மலைமேல் தீராத அன்பு கொண்டவர்களுள் ஒரு கத்தோலிக்கக் குருவும் உண்டு.

அவர் பெயர் ஹென்றி லெ சோ. பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில் 1910-ஆம் ஆண்டு பிறந்தவர். பெனடிக்ட் சபைத் துறவியாகி, 1948-இல் இந்தியா வந்தார். அருட்தந்தை ஜூல்ஸ் மோன்சானின் அவர்களோடு சேர்ந்து, 1950-இல் குளித்தலை அருகே காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். காவி உடுத்தி, அபிஷிக்தானந்தா என்று பெயர் சூடிக்கொண்டார். அபிஷேகம் பெற்றவரின் ஆனந்தம் என்று பொருள். அபிஷேகம் பெற்றவர் யார் என்பது நமக்குத் தெரியும்!

1949 ஜனவரியில் இரமண மகரிஷியைக் காணப் போனவருக்கு, அங்கே காய்ச்சல் கண்டுவிட்டது. மறுபடியும் வரலாம் என்றிருந்தார். 1950 ஏப்ரலில் மகரிஷி மறைந்தார். குருவை இழந்தவர் மலையிடம் போனார். 1952 முதல் சில ஆண்டுகள் மீண்டும் மீண்டும் அங்கே ஏறி, குகைகளில் தங்கினார். சித்திரை வெயிலில் அந்தப் பாறைகள் எப்படிச் சுடும் என்பது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உருளும் கற்களும் முட்செடிகளும் நிறைந்த சரிவு அது. பல இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏறவேண்டும். ஏறிய பிறகு குகையில் நீண்ட மௌனம். மலை தம்மை அழைக்கிறது என்றே அவர் உணர்ந்தார்.

அந்த மௌனம் அவருக்குச் சுகமாக மட்டும் இருக்கவில்லை. எல்லாம் ஒன்றே என்ற அத்வைத அனுபவம் ஒருபுறம், திருமுழுக்குப் பெற்ற நாள்முதல் அறிக்கையிட்ட மூவொரு இறைவன் மறுபுறம். இரண்டில் எதையும் அவரால் விடமுடியவில்லை. பல ஆண்டுகள் இந்த வேதனையைத் தம் நாட்குறிப்பில் எழுதி வந்தார். உடனிருந்த மோன்சானின் அடிகளாருக்கே அவரது போக்கு கவலை தந்தது. நம்மில் சிலருக்கு இன்றும் அது நெருடலாக இருக்கலாம். ஆனாலும் அவர் குருத்துவத்தைத் துறக்கவில்லை. திருப்பலியை இறுதிவரை நேசித்தார்.

1955-இன் இறுதியில் நம் திருக்கோவிலூர்த் தபோவனத்துக்கு வந்து, ஞானானந்தகிரி சுவாமிகளைச் சந்தித்தார். மறு ஆண்டு சில வாரங்கள் அவரிடம் தங்கியும் இருக்கிறார். இந்தச் செய்தி நம் ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது!

1968-இல் சாந்திவனத்தை அருட்தந்தை பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு இமயமலைக்குச் சென்றார். உத்தரகாசியில் கங்கைக் கரையில் ஒரு சிறு குடில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. 1973 ஜூலை 14 அன்று ரிஷிகேசத்தில் பேருந்தைப் பிடிக்க ஓடியபோது மாரடைப்பால் தெருவில் விழுந்தார். பிழைத்தெழுந்தாலும் பழைய வலிமை திரும்பவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று, மலைகளுக்கு வெகு தொலைவில், இந்தூர் நகரில் இறைவனடி சேர்ந்தார்.