பிறர்பொருட்டுக் கையேந்திய பிராங்க்ளின்

தன் வயிற்றின்பொருட்டுக் கையேந்துதலை நம் முன்னோர் இழிவென்றே கொண்டனர். ஆயினும் ஊருக்கு ஒரு நூல்நிலையமோ, நோயாளிகளுக்கு ஒரு வைத்தியசாலையோ, சிறுவர்க்கு ஒரு பள்ளியோ அமைக்கப் புகுவோன், எத்துணை மானமுடையவனாயினும், பிறர் வாயிலிற் சென்று நிற்றல் இன்றியமையாததாகின்றது. அங்ஙனம் நிற்குங்கால் நாவெழாது திகைப்போர் பலர்; ஒருமுறை இல்லையென்ற சொற்கேட்டு முயற்சியையே கைவிடுவோர் அதனினும் பலர். பொதுப்பணிக்குப் பொருள் திரட்டுதலும் தச்சுவேலை, அச்சுவேலைபோலப் பழகிக் கற்கவேண்டியதொரு தொழில் என்பதை உணராமையே இதற்குக் காரணம். அத்தொழிலைப் படிப்படியாகக் கற்றுத் தேர்ந்தவர் அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலை ஆராய்ந்த அறிஞரென்றும், தம் நாட்டு விடுதலைக்கு உழைத்த இராஜதந்திரியென்றும் அவரை யாவரும் அறிவர். அவர் சந்தாப் பத்திரத்தைக் கையிற்கொண்டு சுற்றிய வரலாற்றையே நாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில், மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து பிழைத்த ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார். பள்ளியிற் பயின்றது ஏறக்குறைய இரண்டாண்டே. தமையனாரது அச்சுக்கூடத்தில் தொழில் பயின்று, பதினேழாம் வயதில் பிலடெல்பியா நகரைக் கையிற் பெரும்பொருளின்றி அடைந்தார். சில ஆண்டுகளில் அங்கே சொந்தமாக அச்சுக்கூடம் நிறுவினார். 1727-இல் நண்பர் சிலரைக் கூட்டி, அறிவு வளர்ச்சிக்காக ஜண்டோ என்னும் சங்கத்தை ஏற்படுத்தினார். அவர்தம் பொதுப்பணிகள் பலவும் இச்சங்கத்தினின்றே கிளைத்தன.

1731-இல் சந்தா நூல்நிலையம் ஒன்றை நிறுவ முற்பட்டார். முதலில் 40 ஷில்லிங்கும், பின்னர் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங்கும் செலுத்தவல்ல ஐம்பதுபேர் வேண்டியிருந்தனர். நூல் வாங்கும் வழக்கம் மிகாத அந்நகரில் இஃது எளிதாயிருக்கவில்லை. கேட்கப்பட்டோர் தயங்கினர், தடை கூறினர். அதன் காரணத்தைப் பிராங்க்ளின் ஆராய்ந்தார். ஒருவன் தன் பெயரால் நற்காரியமொன்றைத் தொடங்கின், அதன் புகழ் தன்னை அயலாரினும் உயர்த்துமாதலின், அவ்வயலார் மனமுவந்து உதவுவதில்லை என்பது அவர்க்குப் புலனாயிற்று. அதன்பின் அவர் தம்மை மறைத்துக்கொண்டு, இது நண்பர் பலரது ஏற்பாடென்றும், அவர்தம் வேண்டுகோளின்படியே தாம் வந்ததாகவும் கூறலானார். காரியம் இனிது நடந்தது. இதுவே அவர் கற்ற முதற்பாடம். அந்நூல்நிலையம் இன்றும் அந்நகரில் உள்ளது.

கொடுப்போன் நிலையில் நின்றும் அவர் ஒரு பாடம் பெற்றார். விட்பீல்டு என்னும் புகழ்பெற்ற போதகர், ஜார்ஜியா நாட்டில் அநாதைச் சிறுவர்க்கு இல்லம் கட்ட நிதி திரட்டினார். வேலையாட்களும் பொருள்களும் அருகிய அவ்விடத்திற் கட்டுதல் தகாதென்று கருதிய பிராங்க்ளின், ஒன்றும் கொடுப்பதில்லையென உறுதி பூண்டே ஒருநாள் பிரசங்கம் கேட்கச் சென்றார். கேட்கக் கேட்கச் செப்புக் காசுகளைக் கொடுக்கலாமெனத் தோன்றிற்று. பின்னர் வெள்ளியையும் கொடுக்க மனம் இசைந்தது. முடிவில் பொற்காசுகள் உட்படப் பையிலிருந்த அனைத்தையும் தட்டிற் கொட்டிவிட்டார். கொடேன் என்பான் மனமும் ஒருநாழிகையில் மாறும் என்பதைத் தம்மிடத்திலேயே கண்டனர் என்க.

1749-இல் இளைஞர் கல்விக்காக ஒரு கலாசாலை வேண்டுமெனச் சிறுநூலொன்று எழுதி, அதனை நகரத்தார்க்கு விலையின்றி வழங்கினார். அவர்கள் மனம் ஓரளவு பண்பட்ட பின்னரே சந்தா கேட்டார். தொகையை ஒரேமுறையிற் கேளாது, ஐந்து ஆண்டுகளிற் செலுத்துமாறு பகுத்தமையால் ஒவ்வொருவரும் மிகுதியாகவே கையொப்பமிட்டனர். ஐயாயிரம் பவுனுக்குக் குறையாத தொகை சேர்ந்தது. அக்கலாசாலையே பின்னர்ப் பென்சில்வேனியாச் சர்வகலாசாலையாக வளர்ந்தது.

ஏழை நோயாளிகளுக்கு வைத்தியசாலை அமைக்கவேண்டுமென்ற எண்ணம் அவருடையதன்று. அவர் நண்பர் டாக்டர் தாமஸ் பாண்டு என்பாருடையது. அம்மருத்துவர் ஊக்கத்துடன் பலரைக் கேட்டும் பயன் சிறிதாகவே, பிராங்க்ளினிடம் வந்தார். பிராங்க்ளின் முதலில் தாம் கையொப்பமிட்டார். பத்திரிகையில் எழுதி ஜனங்களுக்கு விஷயத்தை விளக்கினார். அதன்பின்னரே பிறரைக் கேட்டார். பணம் வந்தது, ஆயினும் போதவில்லை. ஆகவே மாகாணச் சட்டசபையின் உதவியை நாடினார். நாட்டுப்புறப் பிரதிநிதிகளோ, நகரத்தார்க்கு மட்டும் பயன்படுவதற்கு நகரத்தாரே கொடுக்கட்டும் என்றனர். அவரும் கொடுப்பரோ என ஐயுற்றனர். அதன்மேல், பொதுமக்கள் 2,000 பவுன் சேர்த்தாலன்றிச் சபை தன் பங்காகிய 2,000 பவுனைக் கொடுக்க வேண்டுவதில்லை என்னும் நிபந்தனையுடன் பிராங்க்ளின் மசோதாவை அமைத்தார். அத்தொகை ஒருநாளும் சேராதெனக் கருதியோர், செலவின்றித் தருமவான் என்னும் பெயர் பெறலாமென இசைந்தனர். 1751-இல் சட்டம் நிறைவேறிற்று. உடனே அவர் நகரத்தாரிடம் சென்று, ஒவ்வொருவர் கொடையும் இருமடங்காகும் என எடுத்துக்காட்டினார். குறித்த தொகையினும் மிகுதியாகவே சேர்ந்தது.

இதில் சிறிது தந்திரம் உண்டென்று பிற்காலத்தில் பிராங்க்ளினே ஒப்புக்கொண்டார். நாம் எண்ணுமளவில், நிபந்தனை முழுவதும் வெளிப்படையாக எழுதப்பெற்றிருந்தமையின் அவர் எவரையும் வஞ்சித்தாரல்லர். அவ்வைத்தியசாலை இன்றளவும் நோயாளிகளுக்குப் பணிபுரிந்து வருகின்றது.

இவ்வெற்றியைக் கண்ட கில்பர்ட் டென்னெண்ட் என்னும் குருவானவர், தம் சபையார்க்கு ஆலயம் கட்ட உதவுமாறு அவரை வேண்டினார். நகரத்தாரை அடிக்கடி கேட்டு வெறுப்புண்டாக்க விரும்பாமையால் பிராங்க்ளின் மறுத்தார். தாராளமாகக் கொடுத்தோர் பெயர்களையேனும் தருமாறு கேட்டபோது, தம் சொல்லுக்கிரங்கி உதவியோரைப் பிறர்க்குக் காட்டிக் கொடுத்தல் நன்றியன்றென அதற்கும் இசைந்திலர். ஆலோசனை மட்டும் கூறினார். ஏதேனும் கொடுப்பரென அறிந்தோரை முதலிலும், ஐயத்திற்குரியோரை அடுத்தும் கேட்கவேண்டும். முன்னோர் பெயர்ப்பட்டியலைப் பின்னோர்க்குக் காட்டவேண்டும். கொடுக்கமாட்டாரென நிச்சயித்தோரையும் விடலாகாது, அவருட் சிலரைப்பற்றி நம் கணிப்புத் தவறாயிருக்கலாம் என்பதே அவர் கருத்து. குருவானவர் நகைத்தார், எனினும் அவ்வாறே எல்லோரையும் கேட்டார். எதிர்பார்த்ததினும் மிக்க பொருள் சேர்ந்து, விசாலமான ஆலயம் எழுந்தது.

பிராங்க்ளின் 1790-இல் தம் எண்பத்துநான்காம் வயதிற் காலமானார். இராப்பள்ளிக்கோ வெள்ள நிவாரணத்திற்கோ சந்தாப் பத்திரம் ஏந்திப் புறப்படும் நம் மாணவர்கள் அவர் நெறியை மனத்திற் கொள்வாராக. தம் பங்கை முதலில் எழுதுக; காரியத்தை முன்னிறுத்தித் தம்மைப் பின்னிறுத்துக; கொடுத்தோர் பெயரை மதித்துக் காக்க. இவன் கொடான் என்று நாமே தீர்ப்புக்கூறி ஒருவன் வாயிலைக் கடந்து செல்லுதல் பணிக்கு இழப்பு. நற்காரியத்திற் பங்குபெறும் வாய்ப்பை அவனுக்கு மறுத்தலுமாம்.