ஆபிரகாம் லிங்கன்

ஆபிரகாம் லிங்கன் (பெப்ரவரி 12, 1809 – ஏப்ரல் 15, 1865) ஐக்கிய அமெரிக்காவின் 16ஆவது குடியரசுத் தலைவர் ஆவார். கென்டக்கி மாநிலத்தில் ஏழைக் குடியானவர் குடும்பத்தில் மரக்குடில் ஒன்றில் பிறந்தார். பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. தாமே சட்டம் பயின்று இலினோய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் வழக்கறிஞரானார். உள்நாட்டுப் போரின் நடுவே அடிமைகளின் விடுதலையை அறிவித்தவர் இவரே.

போரும் தயக்கமும்

1860 நவம்பர் தேர்தலில் லிங்கன் வென்றார். அடிமை முறை புதிய ஆட்சிப்பகுதிகளுக்குப் பரவக்கூடாது என்பது அவரது குடியரசுக் கட்சியின் நிலைப்பாடு. அவர் பதவியேற்கும் முன்பே ஏழு தென்மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து விலகின. 1861 ஏப்ரலில் போர் மூண்டபின் மேலும் நான்கு விலகின. ஒன்றியத்தைக் காப்பதே போரின் நோக்கம் என லிங்கன் தொடக்கத்தில் கூறிவந்தார். கென்டக்கி, மிசூரி, மேரிலாந்து, டெலவெயர் ஆகிய அடிமை மாநிலங்கள் அவர் பக்கம் நின்றமையால், அவற்றை இழக்க அவர் அஞ்சினார்.

இத்தயக்கம் வெளிநாடுகளில் அவருக்குப் பாதகமாயிற்று. இரு தரப்பிலும் அடிமை முறை இருக்கையில் வடக்கை ஏன் ஆதரிக்க வேண்டும் என இங்கிலாந்தில் பலர் கருதினர். லங்காஷயர் ஆலைகள் தென்மாநிலப் பருத்தியை நம்பியிருந்தன. போரினால் பருத்தி வரத்துக் குன்றி, பெருந்திரளான தொழிலாளர் வேலையிழந்தனர்.

விடுதலைப் பிரகடனம்

1862 ஜூலை 22 அன்று லிங்கன் தம் அமைச்சரவையில் பிரகடனத்தின் வரைவை வாசித்தார். தோல்விகளின் நடுவே வெளியிட்டால் அது கையறு நிலையில் செய்ததாகத் தோன்றும் என்று வெளியுறவுச் செயலர் வில்லியம் சுவார்டு எச்சரித்தார். செப்டம்பர் 17 இல் ஆன்டீட்டம் சண்டைக்குப் பின் தெற்கின் படை பின்வாங்கியது. ஐந்து நாட்களில் முன்னறிவிப்பு வெளியானது. 1863 ஜனவரி 1 முதல் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது.

கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே இது பொருந்தியது. இதனை வெற்றுக் காகிதம் என எள்ளியோர் உண்டு. அது நியாயமான மதிப்பீடு அன்று. படைகள் முன்னேறிய இடங்களிலெல்லாம் அடிமைகள் விடுதலை பெற்றனர். கறுப்பினத்தவர் ஏறத்தாழ 1,80,000 பேர் வடக்கின் தரைப்படையில் பணியாற்றினர்.

விளைவுகள்

உள்நாட்டில் லிங்கன் உடனே விலை கொடுக்க நேர்ந்தது. 1862 தேர்தல்களில் அவரது கட்சி கீழவையில் பல இடங்களை இழந்தது. நியூயார்க் ஆளுநர் பதவி எதிர்க்கட்சிக்குச் சென்றது. போரில் ஏற்பட்ட சலிப்புடன் பிரகடனமும் இதற்கு ஒரு காரணம்.

பிரித்தானிய அரசும் முதலில் மகிழவில்லை. அடிமைகளைக் கலகத்திற்குத் தூண்டும் சூழ்ச்சி என அங்குச் சிலர் குறைகூறினர். எனினும் கூட்டாகச் சமரசம் செய்யலாம் என்ற மூன்றாம் நெப்போலியனின் யோசனையைப் பிரித்தானியா நவம்பரில் ஏற்க மறுத்தது. போர்நிலை தெளிவற்றிருந்ததே இதற்கு முதன்மைக் காரணம் எனலாம். பிரகடனத்தின் பயன் 1863 இல்தான் நன்கு புலப்பட்டது. இங்கிலாந்தின் பல நகரங்களில் ஆதரவுக் கூட்டங்கள் நடைபெற்றன. பருத்தியின்றி வாடிய மான்செஸ்டர் தொழிலாளர்களே லிங்கனை ஆதரித்து மடல் அனுப்பினர். அவர் ஜனவரியில் மறுமொழி எழுதினார். தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்க 1833 இலேயே சட்டமியற்றிய பிரித்தானியாவுக்குத் தெற்கை ஏற்பது இனி எளிதாயில்லை. எந்த ஐரோப்பிய வல்லரசும் தெற்கைத் தனிநாடாக அங்கீகரிக்கவில்லை.

இறுதி

போர்க்கால ஆணையைப் பின்னர் நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்பதால் அரசியலமைப்புத் திருத்தத்தை லிங்கன் வலியுறுத்தினார். 1865 ஜனவரி 31 அன்று கீழவை அதனை 119க்கு 56 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. ஏப்ரல் 14 இரவு வாஷிங்டன் நாடக அரங்கொன்றில் சுடப்பட்ட லிங்கன் மறுநாள் காலமானார். 13ஆவது திருத்தத்திற்குத் தேவையான மாநிலங்களின் ஒப்புதல் அவ்வாண்டு டிசம்பரில் கிடைத்தது.